ஏழாம் பதிப்பில் இருந்த முகம்

"பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை, சார்."

இதுதான் என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இந்த ஒரு வாக்கியத்தைக் குரல் உயர்த்தாமல் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எம்.எஸ்சி. கணினி அறிவியல். அதற்கு இந்த உலகம் ஒதுக்கிவைத்திருந்த நாற்காலி, 'தூரிகை' மென்பொருளின் தமிழ் உதவி மையத்தில் இருந்தது.

போட்டோ ஸ்டுடியோ, பிளெக்ஸ் கடை, பத்திரிகை அச்சகம் என்று எங்கே போனாலும் படம் திருத்தத் தூரிகைதான். ஏழாம் பதிப்பு வரை யாரும் குறை சொன்னதில்லை. எட்டு வந்த பிறகுதான் போன் ஓயவில்லை.

"மேடம், பழனியிலேர்ந்து பேசுறேன். பொண்ணுக்குச் சின்னதுல வெந்நி கொட்டி கன்னத்துல தழும்பு. கல்யாண ஆல்பத்துல அந்தத் தழும்பக் காணோம்."

"அது புதுப் பதிப்போட சிறப்பு சார்."

"என்னத்த சிறப்பு? பொண்ணு ஆல்பத்தத் தூக்கி எறிஞ்சிருச்சு. எம்புருசன் பக்கத்துல நிக்கிறவ யாருடான்னு என் சட்டையப் பிடிக்குது. நான் ஏழுக்கே போயிடுறேன். வழியச் சொல்லுங்க."

"பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை, சார்."

"அப்ப நம்பர் தர்றேன், அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே பேசுங்க!"

எட்டாம் பதிப்பு காயத்தைக் காட்டாது. ரத்தம், வீக்கம், கன்றிய தோல், தையல், தழும்பு எதுவாக இருந்தாலும், படத்தைத் திறந்த கணமே அந்த இடத்தில் நல்ல தோலை வளர்த்து மூடிவிடும். நிறுத்திவைக்கப் பொத்தான் கிடையாது. கலவரப் படங்களும் பிணப் படங்களும் பரவி ஊரெல்லாம் தீப்பிடித்த ஒரு வருடத்துக்குப் பிறகு, 'காயமில்லாக் காட்சி' என்று பெயர் வைத்து நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். போன் கம்பெனிகள் அதே நுட்பத்தை வாங்கி கேமராவுக்குள் வைத்துவிட்டார்கள். ஏழாம் பதிப்பு ஒரு குறிப்பிட்ட தேதியோடு தானாகவே நின்றுபோனது. காயத்தைக் காயமாகப் பார்க்கும் அனுமதி போலீசுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டும்தான்.

பயிற்சியின்போது எங்கள் டீம் லீடர் ஹேமந்திடம் கேட்டேன். "அப்ப அடிவாங்குனவன அடிச்சவன் மட்டும்தான் பாக்க முடியும். அதானே?"

"சுகந்தி, சாப்பிடுற நேரத்துல அரசியல் வேணாம்," என்று தயிர்சாதத்தைப் பிசைந்தான்.

என் தம்பி தங்கமாரி செத்த செய்தி வந்தபோதும் நான் அந்த வாக்கியத்தைத்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாரி நூல்மில்லில் மெஷின் ஓட்டினான். தங்கலும் மில் விடுதியிலேயே. இருபத்திரண்டு வயது. இரவில் விடுதிக் கதவை வெளியே பூட்டாதீர்கள், தீப்பிடித்தால் வெந்து சாவோம் என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறான். "சூப்பர்வைசர் மொறச்சான்க்கா. பாத்துக்கலாம்," என்று போனில் சிரித்தான். அதற்கு மறு வாரம் மில் வேனில் வந்து இறங்கினான். கூடவே ஒரு தனியார் டாக்டரின் சான்றிதழும் வந்தது. மாரடைப்பாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா அவன் கைகள் இரண்டையும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுகளில் வயர் கட்டிய தடம், கறுத்து, தோலுக்குள் இறங்கியிருந்தது. கீழுதடு கிழிந்திருந்தது. வலது காதுக்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு.

"கட்டி வச்சு அடிச்சிருக்காய்ங்கடி! எம்புள்ளயக் கட்டி வச்சு அடிச்சிருக்காய்ங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் அந்த மில்லிலேயே வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் அங்கே வேலை பார்ப்பவர்கள். வேப்பமரத்தடியில் சூப்பர்வைசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். "வெயிலு ஏறுது. காலாகாலத்துல எடுத்துருங்க," என்று பெரியப்பாவிடம் சொன்னான்.

நான் போனை எடுத்து மணிக்கட்டைப் படம் பிடித்தேன். திரையில் மாரியின் கை சுத்தமாக இருந்தது. காதைப் பிடித்தேன். பிளவு இல்லை. முகத்தைப் பிடித்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அசந்து தூங்குகிறவன் மாதிரி இருந்தான். நிஜ மாரி ஒரு முழ தூரத்தில் கிழிந்த உதட்டோடு கிடந்தான். சித்தப்பா மகனின் போனை வாங்கி எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா போனிலும் எடுத்தேன். எல்லாவற்றிலும் தூங்கினான். இப்படித்தான் வரும் என்று தமிழ்நாட்டிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்? தெரிந்தும் பைத்தியம் மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"போலீசுக்குச் சொல்லுவோம். போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்," என்றேன்.

அம்மா என் காலைக் கட்டிக்கொண்டாள். "வேணாந்தாயி. அடிபட்ட புள்ளய மறுபடியும் கூறு போட வேணாம். முழுசா அனுப்பி வையி."

"படிச்ச திமிர எழவு வீட்டுல காட்டாத. பொம்பளப் புள்ள, தள்ளி நில்லு," என்றார் பெரியப்பா.

தள்ளி நின்றேன். வேறென்ன செய்ய?

அப்போதுதான் ஸ்டுடியோ சந்தியாகு அண்ணன் வந்தார். எங்கள் பக்கம் செத்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தமெல்லாம் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். தோளில் தொங்கியது பழைய கேமரா. ஒரு படம் எடுத்து, பின்னாலிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். முகம் மாறியது. சத்தமில்லாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

கிழிந்த உதடு அப்படியே இருந்தது.

"இது பழசு பாப்பா. இதுக்கு வைத்தியம் பாக்கத் தெரியாது."

"கையி, காது எல்லாத்தையும் எடுங்கண்ணே. கிட்டக்க போயி எடுங்க."

சூப்பர்வைசர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மால சரியா விழல, மால சரியா விழல," என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லிக்கொண்டே மாரியின் கையருகில் குனிந்து குனிந்து எடுத்தார். பொழுது சாய்வதற்குள் மாரி சாம்பலாகிவிட்டான்.

மறுநாள் அவர் ஸ்டுடியோவுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்ட் பின்னால், பழக்கடைக்கு மேலே ஓர் அறை. கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் வந்த சின்னத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணே, இது ஏழு!"

"ஆமா."

"ஏழு செத்து ரெண்டு வருசமாச்சு. நாந்தான் தெனமும் அதுக்குக் காரியம் பண்றேன். இது எப்படி ஓடுது?"

"தேதி தெரிஞ்சாத்தான அது சாகும்? தெரியாம பாத்துக்கிறேன்." திரையின் மூலையைக் காட்டினார். அங்கே இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி ஓடிக்கொண்டிருந்தது. "நிக்கிற நாளு நெருங்குறப்ப பின்னாடி தள்ளி பொங்கல்ல கொண்டாந்து விட்டுருவேன். ஒரே வருசத்துல இது மூணாவது பொங்கல். இந்த ரூமுக்குள்ள வெலவாசி ஏறல, எனக்கும் வயசு ஏறல."

"நெட்டு?"

"குடுக்கவே கூடாது. குடுத்தா அதுக்கு வெவரம் தெரிஞ்சிரும். நம்ம லைன்ல பாதிக் கடை இப்படித்தான் ஓடுது. உங்க ஆபீசுல போயி சொல்லிறாத."

மாரி செத்த பிறகு நான் முதன்முறையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் மூளை வேலை செய்யவில்லை. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். மணிக்கட்டு. காது. உதடு. எல்லாம் இருந்தது. என் தம்பி எப்படிச் செத்தான் என்பதைச் சொல்ல உலகத்தில் இந்த ஒரு பெட்டிதான் மிச்சம். அச்சுப் போட்டுக் கொடுத்தார். படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, மனு எழுதி, கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். நடந்து நடந்து விசாரணைக்கு நாள் வாங்கினேன்.

இதற்கிடையில் கருமாதிக்குச் சித்தப்பா மகன் பிளெக்ஸ் அடித்துவிட்டான். போனில் எடுத்த அந்தத் தூங்கும் முகம்தான். அதையே பிரேம் போட்டு வீட்டில் மாட்டினார்கள். அம்மா அதன் எதிரில்தான் சாப்பிட்டாள், அதன் எதிரில்தான் படுத்தாள். "இன்னிக்கு ரசந்தான் வச்சேன், கோவிச்சுக்காத," என்று அதனிடம் பேசுவாள். நான் கொண்டுபோன அச்சுப் படங்களை ஒரு தடவை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. எந்த முகத்தோடு எந்தத் தாயை வற்புறுத்துவது?

விசாரணையில் மில்லின் வக்கீல் என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார். அடிக்க வருகிறவனைக்கூடச் சமாளித்துவிடலாம், 'சிஸ்டர்' என்கிறவனைச் சமாளிக்க முடியாது. கோட்டாட்சியர் கெட்டவர் இல்லை. அவருடைய கம்ப்யூட்டருக்குக் காயத்தைக் காட்டும் அனுமதி உண்டு. பென் டிரைவைப் போட்டு மணிக்கட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். நாக்கு உச்சுக்கொட்டியது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, படம் எடுத்த தேதியையும் கொஞ்சம் பாருங்க," என்றார் வக்கீல்.

பார்த்தார். புருவம் ஏறியது.

"இந்தத் தேதிப்படி, இவங்க தம்பி செத்து ஒரு வருசம் கழிச்சுத்தான் எங்க மில்லுல வேலைக்கே சேந்திருக்காரு, ஐயா. நல்ல உழைப்பாளி."

அறையில் யாரோ சிரித்தார்கள்.

சந்தியாகு அண்ணனைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி வந்திருந்தார். எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார். "கம்ப்யூட்டர்ல தேதியப் பின்னாடி வச்சுத்தாங்கய்யா ஏழ ஓட்டுறோம். கேமராவுலயும் அதே தேதிய வச்சாகணும். இல்லன்னா, இது இன்னும் எடுக்காத படம்னு நெனச்சு ஏழு அதத் தெறக்காது."

"ஆக, தேதி பொய்," என்றார் வக்கீல்.

"தேதி பொய்யிங்க. படம் நெசம்."

"நிறுத்தின சாப்ட்வேர். அதுல படத்த வரையலாம், மாத்தலாம், அழிக்கலாம். அதுக்குத்தானே அது இருக்கு? காயம் வரையத் தெரியுமா உங்களுக்கு?"

"முப்பது வருசமா இதாங்க தொழிலு. எல்லாம் வரைவேன். ஆனா..."

"போதும்ண்ணே. உண்மையச் சொல்லிட்டீங்க."

பிறகு வக்கீல் ஐந்து போன் படங்களை மேசையில் பரப்பினார். எங்கள் தெருக்காரர்கள் எடுத்தவை. எப்படி வாங்கினாரோ. அதில் ஒன்று என் பெரியப்பாவுடையது. "அஞ்சு பேரு, அஞ்சு போன். சரியான தேதி, சரியான நேரம். ஒண்ணுலகூட ஒரு கீறல் இல்ல."

"அஞ்சும் ஒரே பொய்யச் சொல்லுது சார்!" என்று கத்தினேன். "நான் அந்தக் கம்பெனியிலதான் வேல பாக்குறேன். காயத்த மூடுறதுதான் அதோட வேலையே!"

"உக்காருங்கம்மா," என்றார் கோட்டாட்சியர். "எனக்கும் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்னு நான் எழுத முடியாது. கம்பெனிகிட்டயே கேப்போம்."

கம்பெனியின் பதில் ஒரே பத்தி. 'ஏழாம் பதிப்புக்கான ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் கையாளப்பட்ட படங்களின் உண்மைத்தன்மைக்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது. பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை.' அந்தத் தமிழ் எங்கள் மேசையிலிருந்து போன தமிழ். ஹேமந்த் அடித்ததா என்று போனில் கேட்டேன். "டெம்ப்ளேட்டுதான் சுகந்தி, பர்சனலா எடுத்துக்காத," என்றான். அந்த வாரமே என்னையும் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

சந்தியாகு அண்ணன் கடைக்குக் கம்பெனி ஆட்கள் வந்து பெட்டியில் நெட்டை இணைத்துவிட்டுப் போனார்கள். எட்டு ஏறியது. உள்ளே கிடந்த எல்லாப் படங்களையும் அது ஒவ்வொன்றாகத் திறந்து குணப்படுத்தியது. கேமராவின் கார்டு மேசை மேல் கிடந்தது. அதையும் பெட்டியில் சொருகிவிட்டுத்தான் போனார்கள். "பாத்துக்கிட்டே நின்னேன் பாப்பா," என்றார் அண்ணன். "முப்பது வருசம். தீக்காயம் பட்டவன், அம்மத் தழும்பு போட்டவன், வெட்டுக்காயத்தோட சந்தோசமா சிரிச்சவன். எல்லாரும் நல்லாயிட்டாய்ங்க. என்னால ஒருத்தனையும் அடையாளங் கண்டுபிடிக்க முடியல."

பென் டிரைவ் விசாரணைக் கோப்புக் கட்டுக்குள் கிடந்தது. என் கையில் அச்சுப் படங்கள் மட்டும் இருந்தன. இரவில் கண்ணை மூடினால் மாரி வருவான். முதலில் கிழிந்த உதட்டோடுதான் வந்தான். பிறகு பிரேமில் இருப்பவன் வர ஆரம்பித்தான். எழுந்து, விளக்கைப் போட்டு, அச்சுப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வேன். வலது காது. கீழுதடு. இரண்டு மணிக்கட்டு. எனக்கே இந்தக் கதி.

அடுத்த விசாரணையில் கோட்டாட்சியர் கோப்புக் கட்டை மூடிவைத்தார். "படத்த நம்பித் தீர்மானிக்க முடியல. உடம்ப நேர்ல பாத்தவங்க யாராவது சொல்லட்டும். சொன்னா மேல எழுதுறேன்."

தெருவில் யாரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். ஆனால் அம்மா இருந்தாள். அவன் கையைப் பிடித்துத் தடத்தைத் தடவிப் பார்த்தவள் அவள்தான். தெருவே அதிரக் கத்தியவளும் அவள்தான். பஸ்ஸில் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "வக்கீலுக்குப் பயப்படாத. மாரிய அன்னிக்கு எப்படிப் பாத்தியோ அப்படியே சொல்லு. போதும்."

"சொல்றேன். எம்புள்ளயப் பத்திச் சொல்ல எனக்கென்ன பயம்?"

கோட்டாட்சியர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வக்கீல்கூட மரியாதையாக உட்கார்ந்திருந்தார். மேசை மேல் இரண்டு படங்களை வைத்தார்கள். ஒன்று பெரியப்பா போனில் எடுத்தது. இன்னொன்று சந்தியாகு அண்ணன் எடுத்தது. அம்மா அன்றுவரை பார்க்க மறுத்தது.

"வீரம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதுல உங்க மகன் எது?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முதல் படத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. விரல் அந்தக் கிழிந்த உதட்டின் மேல் கொஞ்சநேரம் நின்றது. சொல்லு. சொல்லும்மா.

பிறகு அவள் விரல் நகர்ந்து, தூங்குகிற முகத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

"இதாங்கய்யா எம்புள்ள. தூக்கத்துலயே போயிட்டான்."

"அம்மா!" என்றேன்.

"நீங்க பேசக்கூடாது," என்றார் கோட்டாட்சியர். இன்னொரு தடவை, மெதுவாக, கிழிந்த உதட்டுப் படத்தை அவள் பக்கம் தள்ளிக் கேட்டார். "அப்ப இது யாரும்மா?"

அம்மா அதைக் கையில் எடுத்தாள். தூசியைத் துடைப்பதுபோல் முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

"தெரியலீங்களே. பாவம், யாரு பெத்த புள்ளயோ. இந்த அடி அடிச்சிருக்காய்ங்க."

அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டினார்கள். கைநாட்டு வாங்கினார்கள். வக்கீல் எழுந்து அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை, யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. மில் காம்பவுண்டுச் சுவர் ஜன்னலில் நீளமாக ஓடிக்கொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சுகந்தி, அந்தப் பையனோட அம்மாவுக்குத் தகவல் சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா," என்றேன்.